கால்வாசியை வெட்டியவள்

அல்போன்சாவோடு ஒரு தடவையாவது சண்டை போடாதவர் லிங்கராஜபுரத்தில் யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் அந்த ஏரியாவுக்குக் குடி வந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவளுடைய வீடியோ கடை. ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், அடக்கம் என்று பங்கு ஜனங்களின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் படம் எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தே அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பேச்சில் தயவுதாட்சண்யம் கிடையாது. "உங்க பையன் கேமராவ பாத்தாலே திருடன் மாதிரி முழிக்கறான், நான் இன்னா பண்றது?" என்று பெற்ற தாயிடமே சொல்வாள். ஆனாலும் ஜனங்கள் அவளிடம்தான் வந்தார்கள். அவள் கொடுக்கிற படம் மங்காது.

டிஸ்க் கேட்டு வருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். அதில் அவளுக்கு எள்ளளவும் வருத்தமில்லை. டிஸ்க் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம் உயிரை எடுக்கிறவர்கள் என்பது அவளுடைய அபிப்பிராயம். ஓடுகிறது, ஓடவில்லை, சத்தம் வருகிறது, வரவில்லை என்று வாரக்கணக்கில் போன் செய்வார்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமை காலை டிஸ்க் கேட்டுக்கொண்டு வந்து நின்றவள் குளோரியா. காக்ஸ் டவுனில் இருக்கும் அண்ணன் டேரிலின் மனைவி. ஒன்பது வருஷமாக அல்போன்சா அவளோடு பேசவில்லை, அவளும் பேசவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே கோவிலுக்குத்தான் பூசைக்குப் போனார்கள். ஒருத்தி வலது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் இன்னொருத்தி இடது பக்கம். சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்லும்போது இருவரும் எதிரெதிர் திசையில் திரும்பிக் கும்பிடுவார்கள்.

காரணம் இதுதான். அல்போன்சாவின் அப்பா இறந்தபோது, வழக்கப்படி அடக்கப் பூசை முடிந்து கோவில் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்து, குடும்பம் சுற்றி நிற்கப் படம் எடுத்தார்கள். வேறொருவன் எடுத்தால் கெடுத்துவிடுவான் என்று அல்போன்சாவே கேமராவைப் பிடித்திருந்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்த நேரம். பெட்டியின் தலைமாட்டில் குளோரியா நிற்பதைப் பார்த்தாள். "இது ரத்த சம்பந்தம் மட்டும். நீங்க தள்ளிக்குங்க" என்று ஊரே கேட்கச் சொன்னாள். மாமனாருக்குக் கடைசி வரைக்கும் மலம் மூத்திரம் அள்ளிப்போட்டவள் குளோரியா. அவள் நகர்ந்து, மாலைக் கூடைகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அன்று சாயங்காலமே டேரில், "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று தங்கையிடம் சொல்லிவிட்டான். அம்மா பிலோமினா அந்த வீட்டில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் தூரத்திலிருந்து அம்மாவின் முக்காட்டைப் பார்ப்பதோடு சரி. அம்மாவுக்குக் கால் விழுந்து, சக்கர நாற்காலி வந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

போன மாதம் டேரில் தன் மகள் பெனிட்டாவுக்குக் கல்யாணம் செய்தான். அத்தைக்காரி அல்போன்சாவுக்குப் பத்திரிகை வரவில்லை. வீடியோவும் வேறு யாரோ எடுத்தார்கள். எது அதிகம் எரிந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

குளோரியா கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு பென்டிரைவை, வாசலை ஒட்டிய மேஜைமேல் வைத்தாள்.

"அத்தைக்கு பெனிட்டா கல்யாணத்த டிஸ்க்ல போட்டுத் தரணும்."

"டிஸ்க்கா? போன்ல காட்றதுதானே."

"போன்ல எல்லாரும் எறும்பு மாதிரி தெரியறாங்களாம். மாடில பெரிய டிவி கீது, அவங்களால ஏற முடியாது. அவங்க ரூம்ல புதுசா ஒண்ணு மாட்டினோம். ரிமோட் புரியலன்னு சொல்லி ஒரே வாரத்துல கழட்ட வெச்சிட்டாங்க. அந்தப் பழைய பொட்டி டிவிதான் வேணுமாம். அதுக்கு டிஸ்க் ப்ளேயர்தான் சரியாம்."

அது அம்மாதான். அல்போன்சாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எதிரில் நிற்பவளுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை, முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"ஹெச்.டி. படம் அகலமா இருக்கும். பொட்டி டிவி சதுரம். மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும்."

"அது வரவே கூடாது. கிறிஸ்மஸ்க்கு ஒரு டிஸ்க் அப்படித்தான் வந்துச்சு. பாதி டிவி கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கு முழுக்க சாப்பிடல."

"அப்ப பக்கத்துல வெட்டணும். கால்வாசி படம் போயிடும்."

"எது போவணுமோ போவட்டும். படம் மட்டும் மங்கக் கூடாது. அத்தை கண்ணு ஏற்கெனவே சரியில்ல." குளோரியா திரும்பிப் போகப் பார்த்தவள் நின்றாள். "இன்னொன்னு. நீயே வந்து போட்டுக் காட்டணுமாம். ஞாயித்துக்கிழமை பூசைக்கப்புறம் வா. அவர்கிட்ட நான் பேசிட்டேன்."

ஒன்பது வருஷம். அம்மாவின் அறைக்குள் போகலாம், கையைத் தொடலாம், பேசலாம். அதற்காக அவள் காக்ஸ் டவுன் மார்க்கெட்டிலிருந்து முழங்காலிலேயே நடந்து போகக் கூடத் தயார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அம்மா கூப்பிட்டதுக்காக வரேன். வேற யாருக்காகவும் இல்ல."

"நானும் அத்தை சொன்னதுக்காகத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு குளோரியா ஆட்டோவில் ஏறினாள்.

ஹெச்.டி. படத்தைப் பழைய டிவிக்கு இறக்குவதை எல்லாரும் பொத்தானை அமுக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். அமுக்கினால் படம் வரத்தான் செய்யும். ஜரிகை எல்லாம் புழு நெளிவதுபோல மின்னும். ஆள் நடந்தால் நிழல் பின்னாலேயே இழுபடும். அல்போன்சா அப்படிச் செய்கிறவள் இல்லை. வந்த கோப்பிலிருந்து நேராக ஒரே தடவையில்தான் சுருக்குவாள். நடுவில் ஒரு நகல் எடுத்து, அதற்கு ஒரு நகல் எடுத்து என்று படத்தைச் சக்கையாக்க மாட்டாள். பொட்டி டிவி படத்தை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று மாற்றி மாற்றி வரையும். அந்த வரிசை பிசகினால் ஆட்கள் காக்காய் வலிப்பு வந்ததுபோல நடுங்குவார்கள். அதைச் சரிபார்ப்பதற்காகவே கடையில் ஒரு பொட்டி டிவியை வைத்திருந்தாள். ஒரே டிஸ்கில் எல்லாவற்றையும் திணிப்பதும் கிடையாது. கல்யாணப் பூசைக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டால்தான் படத்துக்கு மூச்சு விட இடம் இருக்கும்.

முதலில், எல்லாரும் செய்வதுபோல இரண்டு ஓரத்தையும் சமமாக வெட்டி ஒரு துண்டை ஓட்டிப் பார்த்தாள். பொண்ணு மாப்பிள்ளை நடுவில் ஜம்மென்று இருந்தார்கள். அம்மா இல்லை.

திரும்ப முழு அகலத்தில் போட்டுப் பார்த்தாள். கேமராக்காரன் சக்கர நாற்காலியை எங்கே பார்த்தாலும் ஓரத்தில் தள்ளியிருந்தான். பீடத்தின் முன்னால் இடது ஓரம். கோவில் படிக்கட்டில் எடுத்த குடும்பப் படத்தில் வலது ஓரம். ஹாலில் கேக் வெட்டும்போது கடைசி ஓரம். நடுவை மட்டும் வைத்தால், பேத்தி கல்யாணத்துக்குப் பாட்டி வரவே இல்லை என்று ஆகிவிடும். முகம் தெரியாத அந்தக் கேமராக்காரனை அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். கடை வாசலில் நின்றிருந்த பால்காரர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துப் பதிலுக்கு ஏதோ சொல்ல, அங்கே தனியாக ஒரு சண்டை நடந்தது.

பிறகு உட்கார்ந்து, காட்சி காட்சியாக, டிவிக்குப் போகிற சதுரக் கட்டத்தை நகர்த்தினாள். இங்கே இடது பக்கம், அங்கே வலது பக்கம். அம்மா வந்தாள். கூடவே குளோரியாவும் வந்தாள்.

நாற்காலிக்குப் பின்னால் அவள்தான் நின்றாள். பீடத்தின் முன்னால், படிக்கட்டில், ஹாலில், எங்கே பார்த்தாலும் நாற்காலியின் கைப்பிடியில் அவளுடைய இரண்டு கைகள். அம்மாவை உள்ளே கொண்டு வந்தால் அவளும் ஒட்டிக்கொண்டு வந்தாள். அல்போன்சா அந்தக் கைகளையே பார்த்தாள். நான் தள்ள வேண்டிய நாற்காலி. என் அம்மா. என்னைக் கூப்பிடாத கல்யாணத்தில் என் இடத்தில் நின்றுகொண்டு என்ன ஒய்யாரம்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஹெச்.டி. படத்தில் பொட்டி டிவிக்குத் தேவையானதைவிட மிகவும் அதிகமாகவே புள்ளிகள் உண்டு. உயரத்திலேயே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் கால்வாசியோடு நிறுத்த வேண்டிய அவசியமில்லை. கட்டத்தை இன்னும் இறுக்கி, அம்மாவின் முகத்தை மட்டும் பெரிதாக எடுத்தாலும் பழைய டிவியில் ஒரு புள்ளி மங்காது. யாரும் குறை சொல்ல முடியாது. படம் மங்கக் கூடாது என்றுதானே சொன்னாள், மங்காது.

இறுக்கினாள். குளோரியாவின் தலை போனது. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். தோள் போனது. கடைசியில் அம்மாவின் முகமும், அதன் பின்னால் ஒரு முந்தானைத் துணுக்கும் மிஞ்சின. அல்போன்சாவுக்கு அப்படி ஒரு திருப்தி. அடுத்த காட்சிக்குப் போனாள்.

மதியம் அவளுடைய கணவர் சிரில் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசுகிறவள் ஒருத்தி இருப்பதால் அவர் அதிகம் பேசிப் பழகவில்லை. நின்றபடியே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"பொண்ணோட அம்மா எங்கடி?"

"வெட்டுல போயிட்டா."

"எல்லாத்துலயுமா?"

"கால்வாசி போவட்டும்னு அவளே சொன்னா. என் தப்பில்ல."

"கால்வாசி சொன்னாங்க. நீ ஆளையே எடுத்துக்கினு கீற." கேரியரை மேஜைமேல் வைத்தார். "வேணாம் அல்போன்சா. இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் கதவு திறக்குது. உங்க அண்ணன் பாத்தா மறுபடி சாத்திடுவாரு."

"அவன் எங்க பாக்கப் போறான்? மாடில அவனுக்குப் பெரிய டிவி கீது. இது அம்மாவுக்கு. அம்மா டிவில அம்மா இருந்தாப் போதும்."

"நீ அம்மாவுக்காகப் பண்ற மாதிரி தெரியல."

"உங்கள யாரு கேட்டா? போய் சாப்புடுங்க."

சிரில் போய்விட்டார். அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு இடத்தில் கை நின்றது. பெனிட்டா புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது குளோரியாவைக் கட்டிப்பிடித்து அழுகிற இடம். இரண்டு முகமும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே கோடு போட இடமில்லை. அல்போன்சா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். மருமகள் முறைப் பெண், தன் கையால் தூக்கி வளர்த்த பெண், எப்படி அழுகிறாள் பார் என்று இவளுக்கும் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டத்தைப் பெனிட்டாவின் பக்கமாக இழுத்துவிட்டாள். பெற்றவளின் தோளில் சாய்ந்து அழுத பெண், இப்போது யார் தோள் என்றே தெரியாத ஒன்றில் சாய்ந்து அழுதாள்.

சனிக்கிழமை இரண்டு டிஸ்க்கும் தயார். கடை டிவியில் முழுவதும் ஓட்டிப் பார்த்தாள். ஜரிகை நெளியவில்லை, நடை நடுங்கவில்லை, கறுப்புப் பட்டை இல்லை. அம்மாவின் கன்னத்து மச்சம் கூடத் தெளிவாகத் தெரிந்தது. இப்படி ஒரு டிஸ்கை அவள் இதுவரை போட்டதில்லை. கர்வமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காக்ஸ் டவுன் வீட்டுக்குப் போனாள். டேரில் வராண்டாவில் நின்று ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான். தங்கையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "நான் வர ஒரு மணி நேரம் ஆகும்" என்று வீட்டுக்குள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அதற்குள் நீ போய்விட வேண்டும் என்று அர்த்தம். அது புரியாதவளா அல்போன்சா?

அம்மாவின் அறை முன்பக்கத்தில் இருந்தது. பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளுத்த சேலை, வாரி முடித்த தலை, பவுடர் வாசனை. நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற உடம்பு என்பது பார்த்த உடனே தெரிந்தது. அதற்காகக் கூட அல்போன்சாவுக்குக் கோபம்தான் வந்தது.

"அம்மா" என்றாள்.

பிலோமினா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தலை பூரா வெளுத்துப்போச்சு. மை கிய்யி எதுவும் போடறதில்லயா? சிரில விட உனக்குத்தான் வயசு ஜாஸ்தின்னு சொல்லுவாங்க." கையை மட்டும் நீட்டினாள். அல்போன்சா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சூடாக இருந்தது. பேசுவதற்காக ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததில் ஒன்று கூட வாயில் வரவில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருந்தது.

"போடு, போடு. பாக்கணும்" என்று அம்மாதான் அவசரப்படுத்தினாள்.

ஒயர்களை மாட்டி, தூசியைத் துடைத்து, டிஸ்கை உள்ளே தள்ளினாள். குளோரியா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்து வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மாடியோ, கண்ணாடி மாதிரி கீதே" என்றாள் பிலோமினா. "இதுக்குத்தான் அல்போன்சா போடணும்னேன்." அல்போன்சா வேறு பக்கம் பார்ப்பதுபோல குளோரியாவைப் பார்த்தாள். குளோரியாவின் முகத்தில் இன்னும் ஒன்றும் இல்லை.

பெனிட்டா நடந்து வந்தாள். அடுத்து பிலோமினாவின் முகம். வாசகம் படித்தார்கள். பிலோமினாவின் முகம். மோதிரம் மாற்றினார்கள். பிலோமினாவின் முகம், பின்னால் ஒரு துணுக்குத் துணி. குளோரியாவின் கை நாற்காலியின் கைப்பிடியில் இறுகுவதை அல்போன்சா பார்த்தாள். புரிந்துவிட்டது. புரியட்டும் என்று நினைத்தாள்.

படிக்கட்டுக் காட்சி வந்தது. "இன்னாடி இது," என்றாள் பிலோமினா, "எங்க பாத்தாலும் என் மூஞ்சி? என் மூஞ்சிய நான் பாத்ததில்லயா? குளோரியா எங்க?"

அல்போன்சா ப்ளேயர் ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள்.

"குளோரியா வருவால்ல?"

"பொட்டி டிவில அவ்ளோதான்மா பிடிக்கும்" என்றாள் அல்போன்சா. "ஓரம் வெட்டுல போயிடும்."

"ஓரத்துல இருந்தது நானு. நான் எப்படிடி நடுவுல வந்தேன்?"

குளோரியா, "விடுங்க அத்தை, படம் நல்லாத்தான் கீது" என்றாள். குரல் தட்டையாக இருந்தது.

"நீ சும்மா இரு." பிலோமினா டிவியிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள். "அன்னிக்கு எழுந்ததிலிருந்து இவ என் பின்னாடியேதான் நின்னா. கல்யாணப் பொண்ணோட அம்மா, முன்னாடி வந்து ஜம்முனு நிக்க வேணாமா? எனக்குக் கழுத்து திரும்பாது. ஒரு வாட்டி கூட பாக்கல நானு. வந்தவங்க எல்லாரும் குளோரியா இன்னிக்கு அவ்ளோ லட்சணமா கீறான்னு சொல்லிட்டுப் போனாங்க. அதப் பாக்கத்தான் டிஸ்க் கேட்டேன். சொல்லு, இன்னா சேலை கட்டியிருந்தா?"

"பீரோல கீது அத்தை, எடுத்துக் காட்டறேன்."

"உன்ன கேக்கல. இவளத்தான் கேக்கறேன்."

அல்போன்சா தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் பொய் வரவில்லை.

"மயில் கழுத்துக் கலர்" என்றாள். "ஒடம்புல சின்னச் சின்னப் புட்டா. கையகல ஜரிகை."

"பூ?"

"மல்லி. நடுவுல ரெண்டு கனகாம்பரம். மதியத்துக்கு மேல ஒரு பக்கமா சரிஞ்சுப்போச்சு, யாரும் சொல்லல போல. அப்படியேதான் நின்னாங்க."

"அழுதாளா?"

"பெனிட்டா கார்ல ஏறும்போது. அதுக்கு முன்னாடி கோவில்லயும் ஒரு வாட்டி. கண்ணாடியக் கழட்டி முந்தானைல தொடச்சுக்கினாங்க. அப்புறம் உடனே உங்க தோள்ல கை வெச்சாங்க."

பிலோமினா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆட்டுவது நின்றது.

"அப்ப எல்லாத்தையும் பாத்திருக்க."

"பாத்தேன்மா."

"பாத்துட்டுத்தான் வெட்டியிருக்க."

அல்போன்சா டிவிப் பக்கம் பார்த்தாள். திரையில் அம்மாவின் முகம் மட்டும், ஒரு புள்ளி மங்காமல், பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அத நிறுத்து" என்றாள் பிலோமினா.

நிறுத்தினாள். "வேற போட்டு எடுத்தாறேன்மா. எல்லாரும் வர்ற மாதிரி. கறுப்புப் பட்டை வந்தா கூட..."

"வரட்டும். பட்டையோடவே போடு. சிரில்கிட்ட குடுத்தனுப்பு. நீ வர வேணாம்."

"அம்மா."

பிலோமினா பார்வையை டிவிக்குத் திருப்பிக்கொண்டாள். அணைந்துபோன திரையைப் பார்த்தபடியே, "குளோரியா, இவளுக்குக் காபி குடுத்து அனுப்பு" என்றாள்.

வீட்டுக்கு வருகிற அந்நியர்களிடம் சொல்கிற வார்த்தை அது. பெற்ற மகளிடம் எந்தத் தாயும் அப்படிச் சொல்வதில்லை.

குளோரியா உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு ஏச்சு, ஒரு முறைப்பு, எதுவும் இல்லை; அதில் ஒன்று கிடைத்திருந்தால் கூட அல்போன்சா பிழைத்திருப்பாள். சாசர் வைத்த பீங்கான் கப்பை ஹால் மேஜைமேல் வைத்துவிட்டு அம்மாவின் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. "இத தோள்ல போட்டுக் காட்டு, முன்னாடி வா, முன்னாடி வந்து நில்லு" என்று அம்மா சொல்வது கேட்டது. அல்போன்சா ஹாலில் நின்றபடியே குடித்தாள். காபி நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.